காரின் சக்கரம் சத்தம் போட்டால்: கேட்டுக் கண்டறியும் அறிவியல்

“காரில் ஏதோ சத்தம் வருகிறது.” பட்டறைக்குப் போகும் பலர் மெக்கானிக்கிடம் சொல்வது இவ்வளவுதான். அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் கேட்டவுடன் ஸ்பேனரைத் தூக்கமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். எந்த வேகத்தில் கேட்கிறது? வளையும்போது கூடுகிறதா? பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா? மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா?

வயிற்றுவலி என்று கிளினிக்கிற்குப் போனால் டாக்டரும் இப்படித்தானே கேட்கிறார்? சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா? இரவிலா, பகலிலா? வலி எப்படி இருக்கிறது என்பதோடு அது எப்போது வருகிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். சக்கரத்தின் சத்தமும் அப்படித்தான். ‘கீச்’, ‘டக் டக்’, ‘உர்ர்’ என்று சத்தத்துக்குப் பெயர் வைப்பது ஒரு தொடக்கம் மட்டுமே. அது எப்போது மாறுகிறது என்று கவனிப்பதில்தான் உண்மையான கண்டறிதல் இருக்கிறது.

மாணவர்களே, அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். காரின் சத்தத்தைக் கண்டறியும் வழியும் அதேதான். வேகம், வளைவு, பிரேக், சாலையின் மேடு பள்ளம் ஆகிய நான்கும் இங்கே நம் தற்சார்பு மாறிகள். சத்தம்தான் சார்பு மாறி.

இதில் கவனம் ஏன் தேவை? ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 560 கிலோஜூல். அவ்வளவு ஆற்றலோடு ஓடும் காரைச் சாலையோடு இணைப்பவை நான்கு சக்கரங்கள் மட்டுமே. எஞ்சின் பழுதானால் கார் பெரும்பாலும் நின்றுவிடும். சக்கரமோ பிரேக்கோ பழுதானால் காரை நிறுத்துவதே சிக்கலாகிவிடும்.

சத்தம் சக்கரத்தினுடையதுதானா?

முதலில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கார் நின்ற இடத்திலேயே நிற்க, கியர் விடுபட்ட நிலையில், ஓட்டுநர் எண்ணெய் மிதியை இலேசாக அழுத்தட்டும். சத்தம் அப்போதும் வந்தால் சக்கரத்தின் மேல் பழி போட முடியாது. ஏனென்றால் சக்கரம் சுழலவே இல்லை. நிற்கும்போது ஒன்றுமில்லை, கார் நகர்ந்தால்தான் வருகிறது, வேகத்துக்கேற்ப விரைவாகிறது என்றால் சந்தேகம் சக்கரத்தின் பக்கம் திரும்புகிறது.

அடுத்து ஒரு சிறிய கணக்கு. டயரின் பக்கவாட்டில் 185/60 R15 என்பது போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. அதாவது 111 மில்லிமீட்டர். 15 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 381 மில்லிமீட்டர். மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். ஆக மொத்த விட்டம் 381 + 111 + 111 = 603 மில்லிமீட்டர். இதை பையால் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர்.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 5.6 மீட்டர். அதை 1.9ஆல் வகுத்தால், சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை சுற்றுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 9 முறை. 110 கிலோமீட்டர் வேகத்தில் 16 முறை.

இந்த எண்களை வைத்து என்ன செய்யலாம்? கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும்போது ‘டிக், டிக், டிக்’ என்று விநாடிக்கு மூன்று முறை கேட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏதோ ஒன்று ஒரு முறை தட்டுகிறது என்று பொருள். பெரும்பாலும் அது டயரின் பள்ளங்களில் சிக்கிய சிறு கல்லாக இருக்கும். சில வேளைகளில் டயரில் குத்திய ஆணியாகவும் இருக்கலாம். ஆணியாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்கக்கூடாது. காற்று வேகமாக இறங்கிவிடும். டயர் கடையில்தான் எடுக்க வேண்டும்.

வளைவு சொல்லும் சேதி

விநாடிக்கு மூன்று தட்டலை எண்ணலாம். ஆனால், வேகம் கூடக் கூட விமானம் தூரத்தில் பறப்பது போல ‘உர்ர்’ என்று உறுமும் சத்தத்தை எப்படி எண்ணுவது? இந்த உறுமலுக்கு முக்கியமான சந்தேக நபர்கள் இருவர். ஒருவர் சக்கரத்தின் பேரிங். மற்றவர் சீராகத் தேயாத டயர்.

பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு எஃகு வளையங்கள். இடையில் எஃகுக் குண்டுகள், அவற்றைச் சுற்றிக் கிரீஸ். சக்கரத்தோடு சேர்ந்து உள்வளையம் சுழல்கிறது. வெளிவளையம் அசையாமல் நிற்கிறது. குண்டுகள் இரண்டுக்கும் நடுவில் உருண்டு போகின்றன. அதனால் அவை சக்கரம் சுற்றும் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 0.4 மடங்கு வேகத்தில் வலம் வருகின்றன.

வெளிவளையத்தில் ஓரிடத்தில் சிறு குழி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைக் கடக்கும்போது ஒரு தட்டு. ஒரு வரிசையில் 12 குண்டுகள் இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.4 × 12 × 9, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 43 தட்டல்கள். மனிதக் காது கேட்கக்கூடிய அதிர்வெண் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆகவே இந்தத் தட்டல்கள் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒன்றோடொன்று கலந்து உறுமலாகக் கேட்கின்றன.

இப்போது வளைவுக்கு வருவோம். நம் நாட்டில் வட்டச்சந்தியில் நுழையும் கார், நடுவில் உள்ள தீவைச் சுற்றி வலப்பக்கமாக வளைகிறது. நிலைமத்தால் காரின் உடல் இடப்பக்கம் சாய்கிறது. அந்தக் கணத்தில் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சுமை கூடுகிறது. வலப்பக்கச் சக்கரங்களின் மேல் குறைகிறது. வலப்பக்கம் வளையும்போது உறுமல் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால், இடப்பக்கப் பேரிங் மேல் சந்தேகம் வலுக்கிறது. சத்தம் இதற்கு நேர்மாறாக மாறினால் சந்தேகமும் வலப்பக்கத்துக்கு மாறும்.

டயரின் கதை வேறு. மேற்பரப்பு அலை அலையாகத் தேய்ந்த டயரும் இதே போல உறுமும். ஆனால் கரடுமுரடான தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழுவழுப்பான தாருக்குப் போனதும் டயரின் சத்தம் தெளிவாக மாறும். பேரிங்கின் சத்தம் அவ்வளவாக மாறாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பட்டறையில் முன் டயர்களைப் பின்னுக்கும், பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சத்தமும் சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி டயர். பழைய இடத்திலேயே இருந்தால் பேரிங். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

வளைவில் கேட்கும் இன்னொரு சத்தமும் உண்டு. கார் நிறுத்துமிடத்தில் ஸ்டேரிங்கை முழுவதுமாக ஒடித்துக்கொண்டு நகரும்போது ‘டக் டக் டக்’ என்று விரைவாகக் கேட்கும். நேராகப் போகும்போது இருக்காது. முன் சக்கரங்களால் இயங்கும் கார்களில் இது சி.வி. ஜாயின்டின் அடையாளம். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையில் இருக்கும் இணைப்பு அது. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுழற்சியைச் சீரான வேகத்தில் கடத்துவது அதன் வேலை. அதில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். ஆல்ஃபிரட் ர்செப்பா என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கிய வடிவம் இது. இந்த இணைப்பை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறும்; மணலும் தண்ணீரும் உள்ளே போகும். கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வரும்வரை விட்டால் பெரும்பாலும் இணைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

சூட்டுக்கு முன்னால் வருவது சத்தம்

‘உறுமல்தானே, ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டால் போகிறது’ என்று நினைப்பவர்கள் உண்டு. பேரிங் ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் சிறு குழி, பிறகு சத்தம். அதன்பின் தேய்மானம் கூடி உராய்வால் சூடு. கடைசியில் குண்டுகளும் வளையங்களும் சிதைந்துவிடும். பேரிங் சிக்கிக்கொள்ளலாம், சக்கரம் ஆட்டம் கண்டு பிடிப்பையும் இழக்கலாம். சத்தம் என்பது இந்த வரிசையில் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் உலகில் ஒரு பாடம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 3ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. 38 பெட்டிகள் சரிந்தன. சிலவற்றில் ஆபத்தான வேதிப்பொருள்கள் இருந்தன. காரணம், ஒரு பெட்டியின் சக்கரப் பேரிங் சூடேறிச் சிதைந்தது. பாதையோரத்தில் வெப்பத்தை அளக்கும் கருவிகள் இருந்தன. முதல் கருவியைக் கடந்தபோது பேரிங் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 21 பாகை செல்சியஸ் மட்டுமே கூடுதலாகச் சூடாக இருந்தது. இரண்டாவதில் 57 பாகை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருந்த மூன்றாவதில் 141 பாகை! அந்தக் கருவி எச்சரித்தபோது காலம் கடந்துவிட்டது.

சூடு வரும்வரை காத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் சில நாடுகளில் ரயில் பாதையோரம் மைக்ரோபோன்களையும் வைத்து, கடந்து போகும் பேரிங்குகளின் ஒலியைக் கணினியால் ஆராய்கிறார்கள். சூடேறுவதற்கு முன்பே, சத்தத்திலேயே பழுதைப் பிடித்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த பெருவெள்ளத்தில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் கார் நின்றால், தண்ணீர் பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே போகலாம். கிரீஸ் கெட்டு, எஃகில் துரு பிடிக்கும். கார் காய்ந்து, கழுவிப் பளபளப்பானபின் பல வாரங்கள் கழித்துக்கூட உறுமல் தொடங்கலாம். வெள்ளத்தில் நின்ற காரின் சத்தத்தைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும்.

பிரேக்கை மிதித்தால் என்ன ஆகிறது?

பிரேக் மிதியை அழுத்தியதும் பிரேக் கட்டைகள் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன. இயக்க ஆற்றல் உராய்வால் வெப்பமாக மாறுகிறது. வயலின் வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, நழுவுகிறது, மறுபடியும் பிடிக்கிறது. விநாடிக்குப் பல நூறு முறை இப்படி நடக்கும்போது இசை பிறக்கிறது. பிரேக்கிலும் கட்டையும் தட்டும் இப்படிப் பிடித்தும் நழுவியும் அதிரும். இங்கே அதிர்வெண் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் மேலே போகும். கேட்பது இசையல்ல, ‘கீச்ச்’!

எல்லாக் கீச்சும் ஆபத்தில்லை. இரவெல்லாம் மழை பெய்திருந்தால் தட்டின் மேல் மெல்லிய துருப்படலம் படியும். காலையில் முதல் சில தடவை பிரேக் போடும்போது சத்தம் வந்து, பிறகு மறைந்துவிடும். கட்டைகள் அந்தத் துருவைத் துடைத்துவிட்டன, அவ்வளவுதான்.

நாள் முழுதும், ஒவ்வொரு நாளும் கீச்சிட்டால் அது வேறு. புதிய பிரேக் கட்டையின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், பல கார்களில் ஒரு சிறு எஃகுத் தகடு இரும்புத் தட்டைத் தொட்டுச் சத்தமிடும். இந்தச் சத்தம் பழுதால் வருவதில்லை; ‘என்னை மாற்று’ என்று சொல்வதற்காகவே பொறியாளர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அதையும் பொருட்படுத்தாவிட்டால் அடுத்து வருவது ‘கரகர’ என்று இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம். உராய்வுப் பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். கார் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும். தட்டும் கீறல் விழுந்து கெடும். அந்தக் காரை ஓட்டக்கூடாது.

மேடு பள்ளத்தில் மட்டும் கேட்டால்

குடியிருப்புப் பகுதியின் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மணிக்கு 90 கிலோமீட்டரில் நல்ல சாலையில் ஒன்றுமே இல்லை. இந்தச் சத்தம் சக்கரத்தின் சுழற்சியைச் சார்ந்தது அல்ல. சக்கரம் மேலும் கீழும் அசைவதைச் சார்ந்தது. ஆகவே சக்கரத்தைக் காரின் உடலோடு பிணைத்திருக்கும் ஆப்சார்பர், பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் வெப்பத்தில் ரப்பர் காலப்போக்கில் வெடிக்கும். இணைப்புகளில் தளர்ச்சி வரும். இடைவெளி வந்த இடத்தில் இரும்பு இரும்பைத் தட்டும். பால் ஜாயின்ட் முற்றிலும் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும் என்பதால் இதையும் தள்ளிப் போடக்கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

டயர் மாற்றிய ஓரிரு நாளில், குறைந்த வேகத்திலும் தாளம் போல ‘டக், டக்’ என்று கேட்கிறது, ஸ்டேரிங்கும் ஆடுகிறது என்றால் சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். இது பட்டறைக்கு நாளை போகலாம் என்று விடக்கூடிய சத்தம் அல்ல. வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையென்றால் பயணிகள் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும்.

நட்டு எப்படிச் சக்கரத்தைப் பிடிக்கிறது? நட்டை முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. ஹூக்கின் விதிப்படி நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது. அந்த விசைதான் சக்கரத்தை அதன் அச்சுத் தட்டோடு இறுக்கி வைக்கிறது. பல சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 400 நியூட்டன் விசை கொடுப்பதற்குச் சமம் அது. குறைந்தால் நட்டு தளரும். அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் மீள்தன்மை எல்லையைத் தாண்டிப் பழுதாகும். அதனால்தான் முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர் இருக்கிறது. டயர் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

எந்தச் சக்கரம்?

கேட்கும் திசையை அப்படியே நம்பலாமா? நம் இரு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தூரம். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. ஆகவே ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி, மறு காதை 0.0006 விநாடி தாமதமாக அடைகிறது. இந்தச் சிறு தாமதத்தை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. ஆனால் காருக்குள் ஒலி எஃகு உடல் வழியாகவும் பரவுகிறது. எஃகில் அதன் வேகம் விநாடிக்கு 5,000 மீட்டருக்கும் மேல். தரை, கதவு, கண்ணாடி எல்லாம் அதிர்வதால் மூளை ஏமாறுகிறது. பின் சக்கரத்தின் சத்தம் முன்னால் கேட்பது போலவும் தோன்றும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு சிமெண்டுச் சுவரை ஒட்டி மெதுவாகக் காரை ஓட்டச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அந்தப் பக்கச் சக்கரங்களின் சத்தத்தைத் தெளிவாகக் காட்டும். பிறகு மறு பக்கம். பட்டறையிலோ காரை உயர்த்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, நீண்ட உலோகக் கம்பி பொருத்திய ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் 1816இல் நோயாளியின் நெஞ்சொலி கேட்கக் காகிதத்தைச் சுருட்டித் தொடங்கிய கருவி, இன்று பேரிங்கின் நோயையும் கண்டுபிடிக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் கம்பிகளை எண்ணிக்கொள்ளுங்கள். பல சைக்கிள்களில் 36 இருக்கும். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு தடித்த அட்டையின் ஓரத்தைக் கம்பிகளில் படும்படி பிடியுங்கள். விரல் கம்பிக்கு அருகே போகக்கூடாது. மெதுவாகச் சுழலும்போது தனித்தனித் தட்டல்கள் கேட்கும். வேகம் கூடினால் அவை கலந்து ஒரே ரீங்காரமாகும். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் 2 × 36 = 72 ஹெர்ட்ஸ். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசக் கைப்பேசிச் செயலியில் ஒலியின் அதிர்வெண்ணைப் பார்க்கலாம். உங்கள் கணக்கும் செயலி காட்டும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா? பேரிங்கின் உறுமல் பிறக்கும் விதமும் இதுவே.

காரின் அடியில் நீங்கள் ஒருபோதும் நுழைய வேண்டாம். ஜேக்கில் தூக்கிய கார் சரியக்கூடும். ஆனால் பயணியாக அமர்ந்திருக்கும் உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்க வேண்டும். கேட்பதும் குறித்துக்கொள்வதும் உங்கள் வேலையாகட்டும். ஒரு தாளில் நான்கு வரிகள் போதும்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைந்தால் கூடுகிறது, பிரேக் போட்டால் என்ன ஆகிறது, மேடு பள்ளத்தில் மாறுகிறதா. அந்தத் தாளைப் பட்டறையில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துப் பாருங்கள். மெக்கானிக் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வீணாவதையும் தவிர்க்கலாம்.